பின்னால் வந்து பார்க்க ஒரு ஆள்



ஒரு மாதமாக எழுத நினைத்து, தவணைப் பரீட்சை விடைத்தாள்களுக்குள் தள்ளிப்போன விசயம் இது. கொஞ்சம் நீளம். தேத்தண்ணியோடு இருந்து ஆறுதலாக வாசியுங்கோ.

எங்களைக் கன பேருக்குத் தெரியும். காலையில் யாழ்ப்பாணப் பக்கமிருந்து சுருவிலுக்குப் படிப்பிக்க வருகிற ஐந்து டீச்சர்மார். நாலு சாறி, ஒரு அபாயா. நாலு ஸ்கூட்டி, ஒரு பழைய எம்.டி. 90. ஆறே முக்காலுக்குப் பண்ணையில் கோட்டையடியில் ஒன்று சேருவோம். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பாலத்தில் இறங்கி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, சரவணை என்று வருவோம். போக ஏறத்தாழ 20 கிலோமீற்றர், வர 20. பள்ளிக்கூட நாட்களை மட்டும் கணக்குப் பார்த்தாலும் வருசத்துக்கு 7000 கிலோமீற்றருக்குக் குறையாது. இந்தக் கணக்கை எங்களில் யாரும் இந்த வருசம் மாசி மாதம் வரைக்கும் போட்டுப் பார்த்ததில்லை.

மாசியில்தான் கணித டீச்சரின் தம்பி லண்டனிலிருந்து ஒரு கலியாணத்துக்கு வந்தார். அங்கே பெரிய மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர். "அக்கா, நீங்கள் போற றோட்டைப் பாக்கோணும்" என்று ஒரு நாள் எங்களுக்குப் பின்னால் தானும் ஒரு சைக்கிளில் வந்தார். தீவு பார்க்க வருகிறார் என்றுதான் நினைத்தோம். பள்ளிக்கூட வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினவர் பொக்கெற்றிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டு மூன்று வரி எழுதி வைத்திருந்தார்!

அபாயாவின் விளிம்பு பின் சில்லுக்கு நாலு விரல் தூரத்தில் பறக்கிறது. விஞ்ஞான டீச்சர் பஸ்ஸை முந்தும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரம்பப் பிரிவு டீச்சர் மண்கும்பானில் வீதியில் கிடந்த மணலையே பார்த்துக்கொண்டு போய் மணலுக்குள்ளேயே சில்லை விட்டார். சங்கீத டீச்சர் வளைவுக்குள் போன பிறகுதான் பிறேக் பிடிக்கிறார். தமக்கைக்கு அவர் எழுதியது: "18 கிலோமீற்றர் பின்னால வந்தன். முன் பிறேக்கை ஒருக்காலும் தொடேல்லை. பிள்ளையின்ர ஹெல்மெட்டுக்குள்ள என்ர கை முழுக்கப் போகுது."

கணித டீச்சரின் மகள் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறாள். தாயின் பின்னால் இருந்துதான் தினமும் வருவாள்.

அன்று காலை முதலாம் பீரியட் வரைக்கும் எங்களில் யாருக்கும் முகம் சரியில்லை. ஒருவர் எங்கள் பாடக்குறிப்பை வகுப்புக்கு முன்னால் வாசித்துக் காட்டின மாதிரி இருந்தது. பிறகு இடைவேளையில்தான் கதை தொடங்கியது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

தம்பி விளங்கப்படுத்தியது இதுதான். இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுப்பதே படிப்படியான வேலை. எடுத்த பிறகும், விரும்பினால், மேலதிகப் பயிற்சி இருக்கிறது. ஐ.ஏ.எம். என்று 1956 இல் தொடங்கின ஒரு அமைப்பு. அதில் நல்லாக ஓடத்தெரிந்த ஒருவர், பெரும்பாலும் தொண்டர், உங்களுக்குப் பின்னால் தன் சைக்கிளில் வருவார். இறங்கின பிறகு, கண்டதைச் சொல்லுவார். பல கிழமை இப்படி ஓடி, பிறகு ஒரு பரீட்சை. அவர்கள் படிப்பிக்கும் முறை லண்டன் பொலிஸ்காரருக்காக 1930களில் ஹென்டன் என்ற இடத்தில் தொடங்கின பயிற்சியிலிருந்து வந்தது. முதலில் சுற்றிப் பார், பிறகு வீதியில் எந்த இடத்தில் நிற்பது என்று முடிவெடு, பிறகு வேகம், பிறகு கியர், கடைசியாகத்தான் முறுக்குவது. வளைவுக்கு முன்னமே எல்லாம் முடிந்திருக்கவேண்டும்.

கேட்டவுடனே எங்களுக்கு ஞாபகம் வந்தது கலாசாலைதான். எங்களில் மூன்று பேர் கோப்பாய் ஆசிரியர் கலாசாலை, ஒருவர் அட்டாளைச்சேனை. கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் வகுப்பின் கடைசி வாங்கில் விரிவுரையாளர் வந்து இருந்துவிடுவார். கரும்பலகைக்கு முதுகைக் காட்டி எவ்வளவு நேரம் நின்றோம், வலப்பக்கத்துப் பிள்ளைகளை மட்டுமே ஏன் கேள்வி கேட்டோம் என்றெல்லாம் எழுதுவார். அந்த ஆளைக் கண்டாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் இன்றைக்கு நாங்கள் டீச்சராக நிற்கிறோம் என்றால் அந்தக் கடைசி வாங்குதான் காரணம். எங்களுக்குத் தெரியாத எங்கள் பிழையை வேறு யார் காட்டியிருப்பார்கள்?

மோட்டார் சைக்கிளில் அந்தக் கடைசி வாங்கு இல்லை. எட்டுப் போட்டுக் காட்டி, கால் நிலத்தில் படாமல் வந்து லைசென்ஸ் எடுத்தோம். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒருத்தரும் பார்க்கவில்லை. பிள்ளை "ற" வர வேண்டிய இடத்தில் "ர" போட்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிற நாங்கள், பதினைந்து வருசம் ஒரு வட்டமும் இல்லாமல் ஓடியிருக்கிறோம்.

சரி, ஆர் பழக்கினது என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒருவரையொருவர் கேட்டோம். அண்ணா. அண்ணா. கலியாணம் கட்டின பிறகு அவர். ஒருவருக்கு ஒருத்தரும் இல்லை, தானாகவே. எங்களில் அபாயாக்காரி 1990 ஒக்டோபரில் கைக்குழந்தையாக உம்மாவின் மடியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவள். வாப்பாவின் மோட்டார் சைக்கிள் சோனகத் தெரு வீட்டு விறாந்தையிலேயே நின்றுவிட்டது. அவள் பழகியது புத்தளத்து உப்பளப் பக்கப் பாதையில், பின்னால் மாமா கத்திக்கொண்டு ஓடி வர. மாமா சொன்ன முதல் பாடமும் எங்கள் எல்லோருடைய அண்ணாமாரும் சொன்ன முதல் பாடமும் ஒன்றுதான்: "முன் பிறேக்கைப் பிடிச்சிராத, குப்புற விழுவாய்."

பிழையான பாடம். ஆனால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதை எங்கள் பள்ளிக்கூடத்துக் காவலாளி ஐயாதான் விளங்கப்படுத்தினார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலம். சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலைச் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடின சனம். வீதி முழுக்கக் குண்டும் குழியும், கிறவலும். இருபது, இருபத்தைந்துக்கு மேலே போக ஏலாது. அந்த வேகத்தில் கிறவலில் முன் பிறேக்கை இறுக்கினால் உண்மையாகவே விழுவார்கள்தான். "மண்ணெண்ணையில ஓடின எங்களுக்கு இனி ஆர் பிள்ளை பழக்கிறது?" என்று ஐயா சிரித்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சண்டை முடிந்து, வீதி கார்பெட்டாகி, லீசிங்கில் சைக்கிள் வந்து, முள்ளு ஐம்பது அறுபதைத் தொட்ட பிறகும் எங்கள் கைகால் அந்தக் கிறவல் வீதிப் பாடத்தோடேயே நிற்கிறது. வீதி மாறினது, சைக்கிள் மாறினது. ஓடுகிற ஆளை மட்டும் ஒருத்தரும் மாற்றவில்லை.

பிறேக் விசயம் இதுதான். ஓடுகிற சைக்கிளை மறிக்கும்போது பாரம் முழுக்க முன்பக்கம் சாயும். முன் ரயர் வீதியை அழுத்திப் பிடிக்கும். பின் ரயர் பாரமில்லாமல் லேசாகிவிடும். ஆகவே நல்ல கார்பெட் வீதியில் சைக்கிளை நிற்பாட்டுகிற பலத்தின் பெரும்பங்கு முன் பிறேக்கில்தான் இருக்கிறது. பின் பிறேக்கை மட்டும் ஏறி மிதித்தால் லேசான சில்லு சுற்றாமல் இறுகி வழுக்கும். முன் பிறேக்கை வெடுக்கென்று இழுப்பதும் பிழை. எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெல்லத் தொடங்கி இறுக்கிக்கொண்டு போக வேண்டும். மணலில், ஈரத்தில், வளைவில் சரிந்து நிற்கும்போது இன்னும் கவனம்.

அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை இடத்துக்கே போய்ப் பார்த்து, 1981 இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். ஹேர்ட் என்ற பேராசிரியரின் குழு. விபத்தில் சிக்கியவர்களில் 92 வீதமானவர்கள் தாங்களாகவோ குடும்பத்தாரிடமோ நண்பரிடமோ பழகினவர்கள். கன பேர் பின் பிறேக்கை அளவுக்கு மிஞ்சி மிதித்து, முன் பிறேக்கைக் குறைவாகப் பிடித்தவர்கள். ஆபத்தைக் கண்டதிலிருந்து மோதும் வரை கிடைத்த நேரம் சாதாரணமாக இரண்டு செக்கனுக்கும் குறைவு. இரண்டு செக்கன் என்றால் என்ன? ஐம்பதில் போனால் 28 மீற்றர். எங்கள் பிள்ளைகள் விளையாடுகிற வலைப்பந்துத் திடலின் நீளம் 30.5 மீற்றர். திடலின் ஒரு அந்தத்தில் மாட்டைக் கண்டால் மற்ற அந்தம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் யோசிக்க ஏலாது. கை என்ன பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும்.

இதை விஞ்ஞான டீச்சர் வாசித்துக் காட்டினபோது கணித டீச்சர் உடனே கேட்டார்: "விழாத ஆக்களில எத்தினை பேர் தாங்களாப் பழகினவை எண்டு பாத்தவையோ? எல்லாரும் தாங்களாப் பழகின ஊரில விழுந்தவையும் தாங்களாப் பழகினவையாத்தானே இருப்பினம்?" கணிதக்காரரிடம் வீதத்தோடு போகக்கூடாது. ஆனால் அந்தக் குழு அதையும் பார்த்திருக்கிறது. விபத்து நடந்த இடங்களில் பிறகு போய் நின்று, விபத்தில்லாமல் போகிறவர்களையும் விசாரித்திருக்கிறார்கள். பயிற்சி எடுத்தவர்கள் விபத்துப் பக்கத்தில் குறைவாகத்தான் இருந்தார்கள்.

கணித டீச்சர் விடவில்லை. அடுத்த கிழமை தானே இரண்டு விசயம் தேடிக்கொண்டு வந்தார். ஒன்று, மோட்டார் சைக்கிள் பயிற்சி பற்றிய 23 ஆய்வுகளை 2010 இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஆய்வுகளின் தரம் போதாது, பயிற்சியால் விபத்து குறைகிறதா என்று முடிவு சொல்ல ஏலாது என்றுவிட்டார்கள். மற்றது நோர்வே. 1979 இல் அங்கே புதிதாகக் கார் ஓடுகிறவர்களுக்கு வழுக்கும் வீதியில் ஓடுகிற பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு கணக்கெடுத்தால், இளம் ஆண்களிடம் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது. வழுக்கினாலும் சமாளிப்பேன் என்ற நினைப்பு வந்துவிட்டது. "கண்டியளோ? பழகினா இன்னும் ஓடத்தான் தோணும். நான் 18 வருசமா விழேல்லை. எனக்கு என்ன குறை?"

நேர்மையாகச் சொன்னால் அதற்கு எங்களிடம் மறுமொழி இருக்கவில்லை. நாங்கள் படித்தவர்கள், ஒரு புத்தகம் எங்கள் பக்கம் இல்லையென்றால் அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆரம்பப் பிரிவு டீச்சரின் நிலை வேறு. அவர் ஒருமுறை விழுந்தவர். அதற்குப் பிறகு முப்பதுக்கு மேல் போவதில்லை. மெதுவாகப் போனால் போதும், பயிற்சி என்று வேகமாக ஓட்டச் சொன்னால் வரமாட்டேன் என்றார். சங்கீத டீச்சர், நடக்கிறது நடக்கும் என்றார். எங்கள் சொந்தக்காரர் ஒருவரும் "தவக்குல் வையுங்கோ" என்றுதான் சொன்னார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் அவருக்கும் தெரிந்ததுதான். வீட்டுக்காரர்மாரைப் பற்றி எழுதினால் சண்டை வரும். ஆனாலும் ஒன்று: "ஸ்கூட்டிக்கு ட்ரெயினிங்கோ? ரொக்கெற்றே விடப் போறியள்?" என்று கேட்டவர் இதையும் வாசிப்பார். உயர்தரப் பெடியள் இரண்டு பேர் மட்டும் ஆசையாக வந்து, "டீச்சர், முன் சில்லைத் தூக்கி ஓடப் பழக்குவினமோ?" என்றார்கள்.

கடைசியில் மூன்று பேர் தொடங்கினோம். பங்குனி முதல் சனிக்கிழமைகளில், தரவைப் பக்கம் வாகனமே வராத ஒரு உள் வீதியில். பயிற்றுநர் யாரும் இல்லை, இருந்தாலும் எங்களால் கட்டணம் கட்ட ஏலாது. லண்டன் தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பினதை வைத்துத்தான். நோர்வேக் கதையைக் கேட்ட பிறகு ஒரு முடிவு எடுத்தோம். எங்களை வேகமாக்குகிற எதையும் பழகுவதில்லை. சரித்துத் திரும்புவது, சில்லு வழுக்கினால் சமாளிப்பது ஒன்றும் இல்லை. மூன்றே விசயம். இரண்டு பிறேக்கையும் சேர்த்துப் பிழிந்து நிற்பாட்டுவது, முதலில் இருபதில், பிறகு முப்பதில், பிறகு நாற்பதில். பார்வையைத் தூரத்தில் வைப்பது, ஏனென்றால் கண் போன பக்கம்தான் சைக்கிளும் போகும், குழியைப் பார்த்தால் குழிக்குள்தான். மூன்றாவது, ஒருவர் ஓட மற்றவர் பின்னால் வந்து கொப்பியில் எழுதுவது.

ஆரம்பப் பிரிவு டீச்சர் வர மாட்டேன் என்றவர் இரண்டாம் கிழமை பார்க்க வந்தார், மூன்றாம் கிழமை ஓடினார். அவருக்கு வேகம் இல்லை, பயம்தான் பிரச்சினை. பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, சில்லுக்கு முன்னால் இரண்டு முழத்தையே பார்ப்பார். நிமிர்ந்து பார்க்கப் பழகினதோடு மண்கும்பான் மணல் அவருக்கு மணலாக மட்டும் தெரியத் தொடங்கியது. மணலுக்கு முன்னமே வேகத்தை விட்டு, நேராகப் பிடித்துக்கொண்டு, அதற்குள் பிறேக் பிடிக்காமல் கடந்து போகிறார். வைகாசியில் சோளகம் எழும்பினபோது பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும், அல்லைப்பிட்டிப் பக்கம் வீதி திரும்பினால் இடப்பக்கத்தால் தள்ளும். முன்பெல்லாம் அந்த நாட்களில் அவர் பஸ்ஸில்தான் வருவார். இந்த முறை தோளைத் தளர்த்தி, கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்து இறங்கினவரின் சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

விஞ்ஞான டீச்சரில் நோர்வே தெரிந்தது. அவர்தான் எங்களில் நல்லாக நிற்பாட்டுவார். அதோடு வேலணை நேர் வீதியில் முள்ளும் ஏறத் தொடங்கியது. கொப்பியில் 68 என்று எழுதியிருக்கிறோம். "எழுபதுக்குள்ளதானே, அது சட்டம்தானே" என்கிறார். ஊருக்கு வெளியே மோட்டார் சைக்கிளுக்கு எழுபது, சனம் இருக்கிற இடத்தில் ஐம்பது என்பது உண்மை. வேலணையில் எங்கே சனம் முடிகிறது, எங்கே தொடங்குகிறது? இதை எழுதினதற்கு அவர் கோபிப்பார். கோபிக்கட்டும். சிவப்புப் பேனை எல்லோருக்கும்தான்.

கணித டீச்சர் வரவில்லை. ஆனால் தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் அவர் அன்று பின்னேரமே செய்தார். சின்னத் தலைக்கு அளவான ஹெல்மெட் தேடி மூன்று கடை ஏறி, மகளுக்குப் புதிது வாங்கினார். பட்டியைத் தானே இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் சைக்கிளில் ஏற்றுவார்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. சரவணைப் பக்கம். வீதி காய்ந்து கிடந்தது, வெயில் முதுகில். நாங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தோம், கணித டீச்சர் இரண்டாவது. வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு நாம்பன் கன்று பாய்ந்து வந்து வீதிக்கு நடுவில் நின்றுவிட்டது. முதலாவதாகப் போனவர் தப்பிவிட்டார். கணித டீச்சரின் பின் சில்லு கீச்சிட்டது. சைக்கிளின் பின்பக்கம் இடம் வலமாகப் பாம்பு மாதிரி ஆடியது, பிறகு ஒரு பக்கமாகப் படுத்தது. கன்றில் படவே இல்லை. அது பார்த்துக்கொண்டு நின்றது.

டீச்சருக்குக் காறை எலும்பு முறிவு. மகள் வீதியில் உருண்டு எழும்பி, அழாமல் நின்றாள். சப்பாத்து ஒன்றைக் காணவில்லை என்றுதான் முதலில் சொன்னாள். புது ஹெல்மெட்டின் பின்பக்கம் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. தலைக்கவசத்தைச் சரியாக அணிந்தால் மூளைக் காயத்துக்கான வாய்ப்பு 74 வீதம் வரை குறையும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. நாங்கள் அந்த வெடிப்பைத் தடவிப் பார்த்தோம். அதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை.

அன்று பின்னேரம் திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் இறங்கினோம். கார்பெட்டில் கறுப்பாக ரயர் தடம். ஒரே ஒரு கோடு, தொடக்கத்தில் நேராக, பிறகு வளைந்து வளைந்து. ஆரம்பப் பிரிவு டீச்சர் காலால் அளந்தார், 11 எட்டு. பக்கத்தில் நடந்து நடந்து தேடினோம். முன் சில்லு பிடித்ததற்கான அடையாளம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

அதை அவரிடம் சொல்வதா என்று எங்களுக்குள் நீண்ட கதை. கட்டோடு படுத்திருக்கிற ஆளிடம் போய் "நீங்கள் பிழையாப் பிடிச்சனீங்கள்" என்று எப்படிச் சொல்வது? அதுவும் பிள்ளை பின்னால் இருந்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் நாங்கள் எல்லாம் என்ன டீச்சர்? பார்க்கப் போனோம். தோடம்பழம், மோல்ட் பிஸ்கற், ஊர்க்கதை. அவரே கதையைத் தொடங்கினார்: "பழகியிருந்தாலும் மாடு வந்திருக்கும்தானே." ஓம் என்றோம். அது உண்மையும்தான். நாங்கள் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வந்தோம்.

ஆறு கிழமைக்குப் பிறகு அவர் பள்ளிக்கூடம் வந்தார், பஸ்ஸில். முதல் நாள் இடைவேளையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்கள் போய்ப் பாத்திருப்பியள். தடம் எத்தினை?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஆரம்பப் பிரிவு டீச்சர்தான், "ஒண்டு" என்றார்.

"எவ்வளவு நீளம்?"

"என்ர காலுக்குப் பதினொரு எட்டு."

அவர் மேசையிலிருந்த ஒரு துண்டை எடுத்து எதையோ கணக்குப் பார்த்தார். எழுதினதை எங்களுக்குக் காட்டவில்லை. மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

இன்றைக்கும் அவர் பயிற்சி தேவை என்று சொல்வதில்லை. மறுபடி ஓடுவேன் என்றும் சொல்லவில்லை. எம்.டி. 90 வீட்டில் சாக்கு மூடி நிற்கிறது. காலையில் எங்களில் யாராவது ஒருவரின் பின்னால் இருந்து வருகிறார். மகளை இன்னொருவர் ஏற்றுகிறார், இன்னுமொரு புது ஹெல்மெட்டோடு. போன கிழமை ஒரு நாள், கொப்பியை யார் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னால் சும்மாதானே இருக்கிறேன் என்றார்.

இந்தப் பதிவைப் போட முன் அவருக்குத்தான் முதலில் வாசிக்கக் கொடுத்தோம். ஒரு வசனத்தை வெட்டச் சொன்னார், வெட்டிவிட்டோம். ஒரு இலக்கத்தைத் திருத்தினார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் தரவைப் பக்கத்து உள் வீதியில் நிற்போம். ஆண்கள், பெண்கள், உயர்தரப் பெடியள் யாரும் வரலாம். முன் சில்லு தூக்குகிற ஆட்கள் மட்டும் வேண்டாம். ஹெல்மெட் பட்டியைப் பூட்டிக்கொண்டு வாங்கோ. மாடு வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள், காலையில் பள்ளிக்கூட நேரம் கொஞ்சம் கட்டி வையுங்கோ.

நேற்றைய பக்கத்தில் கணித டீச்சர் எழுதியிருப்பது:

"பண்ணை: காற்று வலது. நால்வரும் சரி. வேலணை: விஞ்ஞானம் 61. அல்லைப்பிட்டி வளைவு: இருவர் கண்ணாடி பார்க்கவில்லை. சரவணை: எல்லோரும் இரண்டு பிறேக். நான் கண்ணை மூடிவிட்டேன், ஆகவே உறுதியில்லை. நாளை மறுபடி பார்க்க வேண்டும்."